இதுவரை ஒன்றும் ஆகவில்லையே!

போர் விமானங்களின் பாதுகாப்பை யார் சரிபார்க்கிறார்கள்?

2024ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி, நண்பகல் கடந்த நேரம். தெங்கா ஆகாயப்படைத் தளத்திலிருந்து புறப்பட்ட எஃப்-16 போர் விமானம் ஒன்று கட்டுப்பாட்டை இழந்தது. விமானி இருக்கையோடு வெளியே பாய்ந்து உயிர் தப்பினார். விமானம் தளத்தின் எல்லைக்குள்ளேயே விழுந்து நொறுங்கியது. இந்தச் செய்தி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஏறக்குறைய பத்து நாள் கழித்துத் தற்காப்பு அமைச்சு வெளியிட்ட காரணத்தையும் படித்தீர்களா? அறிவியலில் ஆர்வம் உள்ளவர்கள் தவறவிடக் கூடாத செய்தி அது.

எஃப்-16 தானாகவே நிலையாகப் பறக்கும் விமானம் அன்று. சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே சமநிலை குறைந்ததாக அதை வடிவமைத்திருக்கிறார்கள். நீண்ட குச்சி ஒன்றை உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள். கை ஓயாமல் அசைந்து திருத்திக்கொண்டே இருந்தால்தான் குச்சி நிற்கும். எஃப்-16இல் அந்தக் கையின் வேலையைச் செய்வது கணினி. விமானத்தின் மூக்கு எவ்வளவு வேகமாக எழுகிறது, எவ்வளவு வேகமாகத் தாழ்கிறது என்று கணினிக்குச் சொல்வது ஜைரோஸ்கோப் என்ற உணர்கருவி.

அந்தக் கருவி பழுதானால் என்ன ஆவது? அதற்காக மூன்று ஜைரோஸ்கோப்புகளை வைத்திருக்கிறார்கள். போதாததற்கு மாற்றாக இன்னொன்றும் உண்டு. மூன்றில் ஒன்று மட்டும் வேறு அளவைச் சொன்னால், கணினி அதை ஒதுக்கிவிட்டு ஒத்துப்போகும் மற்ற இரண்டையும் நம்பும். தேர்தலைப் போலப் பெரும்பான்மை வாக்குதான்.

அன்று மூன்றில் இரண்டு ஒரே நேரத்தில் பழுதாகி, ஏறக்குறைய ஒரே மாதிரியான தவறான அளவைத் தந்தன. இரண்டும் ஒத்துப்போனதால் கணினி அவற்றை நம்பியது. மூன்றாவதும் மாற்றுக் கருவியும் சொன்னதைத் தள்ளிவிட்டது. இத்தகைய பழுது மிக அரிது என்று விமானத்தைத் தயாரித்த நிறுவனம் கூறியது. எஃப்-16 பயிற்சிகளை நிறுத்திவைத்த சிங்கப்பூர் ஆகாயப்படை, கருவிகளைச் சோதித்த பிறகே மீண்டும் பறக்கத் தொடங்கியது.

பலர் ஒத்துப்போகிறார்கள், அதனால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் கருவிகளின் உலகில் மட்டும் உலவுவதில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் படைகளிலும் அமைச்சுகளிலும் அது குடியிருக்கிறது. அதனால்தான் ஓர் ஆகாயப்படையின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது, விமானம் நன்றாக இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. நன்றாக இருக்கிறது என்று சொல்பவர் யார், அவரைச் சரிபார்ப்பவர் யார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

பயணிகள் விமானச் சட்டம் இங்கே செல்லாது

விடுமுறைக்கு நீங்கள் ஏறும் பயணிகள் விமானத்துக்கு உலகப் பொது விதிகள் உண்டு. அவற்றின் அடிப்படை 1944ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தம். அதன் மூன்றாவது பிரிவு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: இந்த ஒப்பந்தம் பயணிகள், சரக்கு விமானங்கள் போன்ற சிவில் விமானங்களுக்கு மட்டுமே. இராணுவம், சுங்கத்துறை, காவல்துறை ஆகியவற்றின் விமானங்கள் அதற்குள் வரா.

இதற்குக் காரணம் உண்டு. போர் விமானம் தாழ்வாகப் பறக்கும், கூட்டமாகப் பறக்கும், ஆயுதம் சுமக்கும், நடுவானில் மற்றொரு விமானத்திலிருந்து எரிபொருள் நிரப்பிக்கொள்ளும். இவற்றைப் பயணிகள் விமான விதிப்புத்தகம் தாங்காது. ஆகவே ஒவ்வொரு நாட்டின் படையும் தன் விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளைத் தானே வகுத்துக்கொள்கிறது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விமானத்தை வாங்குவதும் படை. பறப்பதும் படை. பழுதுபார்க்கச் செலவிடுவதும், பறக்கத் தகுதி உள்ளது என்று சான்று தருவதும், விபத்து நடந்தால் விசாரிப்பதும் அதே படை. தேர்வு எழுதும் மாணவரே தன் தாளைத் திருத்தி மதிப்பெண் போட்டுக்கொள்வதைப் போன்ற நிலை. மாணவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் தன் பிழை தன் கண்ணுக்குத் தெரிவது கடினம்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு நாடு விடை கண்ட விதத்தைப் பார்ப்போம். பிரிட்டன் அந்தப் பாடத்தை 14 உயிர்களைக் கொடுத்துக் கற்றது.

காமெட்டின் வாரிசு

1954ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குச் சென்ற காமெட் ஜெட் விமானம், வழியில் ரோமிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் மத்தியதரைக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 35 பேரும் இறந்தனர். உடற்பகுதியின் உலோகம் மீண்டும் மீண்டும் அழுத்தத்துக்கு உள்ளாகிக் களைத்து விரிசல் விட்டதே காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். வடிவத்தைத் திருத்தினார்கள், விமானத்தை வலுப்படுத்தினார்கள். அந்தத் திருத்திய காமெட்டிலிருந்து பிறந்ததுதான் நிம்ராட். கடலுக்கு மேல் நீண்ட நேரம் சுற்றி நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காக, 1969இல் பிரிட்டிஷ் ஆகாயப்படையில் அது சேர்ந்தது.

2006ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி, எக்ஸ்வி230 என்ற எண் கொண்ட நிம்ராட் ஆப்கானிஸ்தானின் காந்தஹார் அருகே பறந்துகொண்டிருந்தது. நடுவானில் எரிபொருள் நிரப்பி முடித்த சில நிமிடங்களில் தீ எச்சரிக்கை ஒலித்தது. விமானக் குழுவினர் உதவி கேட்டு அழைத்தார்கள், காந்தஹாரை நோக்கித் திரும்பினார்கள். முதல் எச்சரிக்கையிலிருந்து சுமார் ஆறு நிமிடங்களில் விமானம் வெடித்துச் சிதறியது. 14 பேரும் மாண்டனர். அவர்கள் பதறாமல் தங்கள் கடமையைச் செய்தார்கள் என்றும், அந்தத் தீயை அணைக்க அவர்களுக்கு வழியே இருக்கவில்லை என்றும் பிற்பாடு நடந்த விசாரணை கூறியது.

மூன்று மாற்றங்கள், ஒரு முக்கோணம்

தீ முக்கோணத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். எரிபொருள், வெப்பம், உயிர்வாயு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால் தீ. ஒன்றை விலக்கினால் தீ இல்லை. நிம்ராட்டில் அந்த முக்கோணம் ஒரே நாளில் உருவாகவில்லை. பல ஆண்டுகளில் ஒவ்வொரு பக்கமாகச் சேர்ந்தது.

முதலாவது, 1969இல் விமானத்தோடு பிறந்த ஒரு குழாய். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினிலிருந்து சூடான காற்றை எடுத்து மற்ற எஞ்சினை முடுக்கிவிட அது உதவியது. இரண்டாவது, 1970களின் இறுதியில் வந்த கூடுதல் குளிரூட்டும் கருவி. புதிய மின்னணுச் சாதனங்கள் வெளியிட்ட வெப்பத்தைச் சமாளிக்க அது தேவைப்பட்டது. அதன்பின் பறக்கும் நேரத்திலும் அந்தக் குழாய்களில் சூடான காற்று நீண்ட நேரம் ஓடியது. வெப்பநிலை சுமார் 400 டிகிரி செல்சியஸ். மூன்றாவது, 1982இல் ஃபாக்லாந்துப் போருக்காக அவசரமாகச் சேர்க்கப்பட்டு 1989இல் நிரந்தரமாக்கப்பட்ட நடுவான் எரிபொருள் நிரப்பும் வசதி.

இனி முக்கோணத்தை வரையுங்கள். எரிபொருள், நிரப்பும்போது வழிந்தோ இணைப்பு ஒன்றிலிருந்து கசிந்தோ வந்தது. அது இறக்கை உடலோடு சேரும் இடத்தருகே உள்ள ஓர் அறைக்குள் தேங்கியது. அதே அறைக்குள்தான் அந்தச் சூடான குழாய் சென்றது. வெப்பக் காப்பு உறை அதை முழுவதும் மூடியிருக்கவில்லை. விமான எரிபொருள் தீப்பொறியே இல்லாமல் பற்றிக்கொள்ள, தகுந்த சூழலில் 200 டிகிரியைச் சற்றுத் தாண்டிய வெப்பமே போதும். காற்றுக்கும் அங்கே குறைவில்லை. அந்த அறையில் தீயைக் கண்டறியும் கருவியும் இல்லை, தீயணைக்கும் கருவியும் இல்லை.

மூன்று மாற்றங்களுக்கும் அவற்றுக்கான நியாயம் இருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தவர்களுக்குப் பெரிய அபாயம் தெரியவில்லை. மூன்றையும் ஒரே தாளில் வரைந்து பார்க்க வேண்டிய கடமை யாருடையது என்பதுதான் கேள்வி.

காகிதத்தில் இருந்த பாதுகாப்பு

அந்தத் தாளும் இருந்தது என்பதே வேதனை. 2001க்கும் 2005க்கும் இடையில் நிம்ராட்டுக்காக ஒரு பாதுகாப்பு ஆவணம் தயாரிக்கப்பட்டது. விமானத்தில் என்னென்ன அபாயங்கள் உள்ளன, ஒவ்வொன்றும் எவ்வளவு கடுமையானது, அதைத் தடுக்க என்ன செய்திருக்கிறோம் என்று ஒன்றுவிடாமல் ஆராய்ந்து எழுத வேண்டிய ஆவணம் அது. தீப்பிடித்த பகுதியின் அபாயமும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது.

ஆனால் ஆவணத்தைத் தயாரித்த நிறுவனம் தன் வேலையை முடித்துக் கையளித்தபோது, 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட அபாயங்கள் முடிவு காணப்படாமல் திறந்தே கிடந்தன. சுமார் 30 விழுக்காடு வகைப்படுத்தப்படாமலே இருந்தன. வாங்கிக்கொண்ட தற்காப்பு அமைச்சின் குழு அதைச் சரியாகத் துருவிப் பார்க்கவில்லை. சுயேச்சையாகச் சரிபார்க்க வேண்டிய மூன்றாம் தரப்பும் தட்டிக் கேட்கவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று? சார்லஸ் ஹேடன்-கேவ் என்ற மூத்த வழக்கறிஞர் தலைமையில் நடந்த சுயேச்சை விசாரணை, 2009 அக்டோபர் 28ஆம் தேதி தன் அறிக்கையை வெளியிட்டது. அது சுட்டிய காரணங்களில் ஒன்று ஆழமாக யோசிக்க வைக்கிறது. நிம்ராட் 30 ஆண்டுகளாக நன்றாகத்தானே பறந்திருக்கிறது, ஆகவே அது பாதுகாப்பான விமானம்தான் என்று சம்பந்தப்பட்ட பலரும் முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். அந்த முடிவை உறுதிப்படுத்தும் சடங்காகவே பாதுகாப்பு ஆவணம் மாறிப்போனது. கவனத்தோடு செய்திருந்தால் அந்தத் தீ அபாயம் வெளிப்பட்டிருக்கும், எக்ஸ்வி230 விழுந்திருக்காது என்று அறிக்கை கூறியது.

எச்சரிக்கைகள் வராமலும் இல்லை. 2004 நவம்பரில் வேறொரு நிம்ராட்டில் அதே வகைச் சூடான காற்றுக் குழாய் பறக்கும்போதே வெடித்தது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கிவிட்டது. தரையிறங்கிவிட்டதே அந்த எச்சரிக்கையின் வலுவைக் குறைத்தும்விட்டது. அதே காலத்தில் அமைச்சு செலவுக் குறைப்பிலும் துறைகளை மாற்றியமைப்பதிலும் மூழ்கியிருந்தது. பாதுகாப்பின் மீதிருந்த கவனம் சிதறியதற்கு அதுவும் காரணம் என்று அறிக்கை சொன்னது.

சோதனை செய்யும் எவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. ஒரு கருதுகோளை நிரூபிக்க மட்டுமே தேடினால், சாதகமான சான்றுகள் எப்போதும் கிடைக்கும். அது தவறாக இருக்கலாம் என்று தேடினால்தான் ஓட்டை கண்ணில் படும். விமானம் பாதுகாப்பானது என்பதும் ஒரு கருதுகோள்தான்.

'இந்த ஆபத்துக்கு நான் பொறுப்பு'

அறிக்கைக்குப் பிறகு பிரிட்டன் தன் அமைப்பையே மாற்றியது. நிம்ராட்டின் அந்த ரகம் 2010 மார்ச் இறுதியில் ஓய்வு பெற்றது. மறுநாள், ஏப்ரல் 1ஆம் தேதி, இராணுவ விமானப் போக்குவரத்து ஆணையம் பிறந்தது. தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை மூன்றின் விமானங்களுக்கும் விதி வகுப்பதும், அவை பின்பற்றப்படுகின்றனவா என்று சோதிப்பதும் அதன் வேலை. விமானத்தைப் பறக்கவைக்க வேண்டிய அவசரமோ செலவை மிச்சப்படுத்த வேண்டிய நெருக்கடியோ அதற்கு இல்லை. ஆகவே அது துணிந்து 'நிறுத்து' என்று சொல்ல முடியும். 2015 ஏப்ரலில் அந்த ஆணையமும் விபத்து விசாரணைப் பிரிவும் தற்காப்புப் பாதுகாப்பு ஆணையம் என்ற பெரிய குடையின்கீழ் வந்தன.

விதி வகுப்பவரைப் பிரித்தது ஒரு பாதி. பொறுப்பு யாருடையது என்பதைப் பெயர் சொல்லிக் குறித்தது மறு பாதி. அதுவரை பொறுப்பு பல குழுக்களுக்கிடையே சிதறிக் கிடந்தது. எல்லாருக்கும் பொறுப்பு என்றால் கடைசியில் யாருக்கும் இல்லை. புதிய முறையில் மூன்று படிகள் வைக்கப்பட்டன. விமானத் தளத்தின் தலைவர் முதல் படி. அவருக்கு மேல், அந்த வகை விமானங்களை இயக்கும் பிரிவின் தளபதி. உச்சியில் படைத் தலைவர். அவரவர் பொறுப்பில் உள்ள விமானங்களால் உயிருக்கு நேரக்கூடிய ஆபத்துக்கு அவரவர் தனிப்பட்ட முறையில் சட்டப்படி பதில் சொல்ல வேண்டும்.

இது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது? தளத் தலைவருக்கு ஓர் அபாயம் தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். நியாயமாக முடிந்த அளவுக்கு அதைக் குறைத்தாயிற்றா என்று முதலில் பார்க்க வேண்டும். செலவும் உழைப்பும் கிடைக்கும் பயனோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குப் போகும்வரை குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்பதே அதன் பொருள். அதற்குப் பிறகும் மிஞ்சும் ஆபத்து தன் அதிகாரத்துக்கு மீறியதாக இருந்தால், அதை மேல்படிக்கு அனுப்ப வேண்டும். மேலே இருப்பவர் பணம் ஒதுக்கிச் சரிசெய்யலாம், பறப்பதை மட்டுப்படுத்தலாம், நிறுத்தலாம், அல்லது தெரிந்தே ஏற்றுக்கொள்ளலாம். எதைச் செய்தாலும் அவர் பெயர் அங்கே இருக்கும். எனக்குத் தெரியாது என்று பிறகு கைவிரிக்க முடியாது.

போர்ப் படையில் ஆபத்தே இல்லாத நாள் கிடையாது. தேவைக்காக ஆபத்தை ஏற்பது படையின் தொழில். ஆனால் 2006இல் அந்த 14 பேர் ஏற்றது எதிரியால் வந்த ஆபத்து அன்று. அவர்களுக்குத் தெரியாமலே அவர்கள் காலடியில் பதுங்கியிருந்த ஆபத்து அது.

சொல்பவரைத் தண்டித்தால் யார் சொல்வார்?

மேலே எத்தனை ஆணையம் இருந்தாலும், அபாயத்தை முதலில் காண்பவர் கீழே இருப்பவர்தான். திருகாணி ஒன்றைக் காணோம் என்று கவனிக்கும் இளம் தொழில்நுட்பர், உயரத்தைத் தவறாகப் படித்து மயிரிழையில் தப்பிய விமானி. இவர்கள் வாய் திறந்தால்தான் மேலே உள்ளவர்களுக்குத் தெரியும். ஆனால் படையில் கீழ்ப்படிதல் ரத்தத்தில் ஊறியது. தவற்றை ஒப்புக்கொண்டால் பதவி உயர்வு போய்விடுமோ என்ற அச்சமும் உண்டு.

இதற்காகப் பல படைகள் 'நியாயமான பண்பாடு' என்ற முறையைக் கடைப்பிடிக்க முயல்கின்றன. மனித இயல்பால் நேர்ந்த பிழையை நேர்மையாகத் தெரிவிப்பவரைத் தண்டிப்பதில்லை. வேண்டுமென்றே விதியை மீறியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அமெரிக்க ஆகாயப்படை பெரிய விபத்து ஒன்று நடந்தால் இரண்டு தனி விசாரணைகளை நடத்துகிறது. ஒன்று, மறுபடி நடக்காமல் தடுக்க. அதில் மறைவாகச் சொல்லப்படும் வாக்குமூலத்தைத் தண்டனைக்குப் பயன்படுத்துவதில்லை. மற்றொன்று, பொதுமக்களுக்கும் சட்டத்துக்கும் பதில் சொல்ல. அதன் அறிக்கை வெளியிடப்படுகிறது.

முறை நன்றாக இருந்தாலும் ஆள்பலமும் பயிற்சியும் குறைந்தால் பயன் குறைவு. 2013 முதல் 2018 வரையிலான நிதியாண்டுகளில் நடந்த அமெரிக்க இராணுவ விமான விபத்துகளை ஓர் ஆணையம் ஆராய்ந்து 2020 டிசம்பரில் அறிக்கை தந்தது. அந்தக் காலத்தில் 198 பேர் இறந்தனர், 157 விமானங்கள் அழிந்தன. விமானிகள் போதிய நேரம் பறப்பதில்லை, பழுதுபார்ப்போர் மற்ற வேலைகளில் இழுபடுகிறார்கள், ஓய்வில்லாத பணிச்சுமை அனைவரையும் அழுத்துகிறது என்று அது எச்சரித்தது.

இது நம் வீட்டுக் கவலையும்தான்

நம் வட்டாரத்துக்கு இது தொலைதூரக் கதை அன்று. தெங்கா விபத்துக்கு 15 நாள் முன்பு, 2024 ஏப்ரல் 23ஆம் தேதி, மலேசியாவின் லுமுட் கடற்படைத் தளத்தில் அணிவகுப்பு ஒத்திகையின்போது இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதி 10 பேர் இறந்தனர். சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் தேசிய சேவைக்குப் போகிறார்கள். அவர்களில் பலர் இராணுவ விமானங்களிலும் ஹெலிகாப்டர்களிலும் ஏறுகிறார்கள், விமானத் தளங்களில் வேலை செய்கிறார்கள்.

சிங்கப்பூர் ஆகாயப்படைக்குள் பாதுகாப்பைச் சோதிக்கும் தனிப் பிரிவு உண்டு. 2019இல் சிங்கப்பூர் ஆயுதப்படை முழுவதற்குமான தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒன்று அமைக்கப்பட்டது. பயிற்சி தரும் பிரிவுகளின் வரிசையில் நிற்காமல் அது நேரே தற்காப்புப் படைத் தலைவரிடம் அறிக்கை தருகிறது. வெளி நிபுணர்கள் அடங்கிய குழு ஒன்றும் படையின் பாதுகாப்பு முறைகளை மறுஆய்வு செய்கிறது. பறக்க வேண்டியவரும் சரிபார்ப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற அதே கருத்தை இந்த ஏற்பாடுகளிலும் நீங்கள் காணலாம்.

அடுத்த முறை ஒரு விபத்தைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, விமானி தவறா, இயந்திரக் கோளாறா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த அபாயம் முன்பே யாருக்காவது தெரிந்திருந்ததா? தெரிந்தவர் சொல்ல முடிந்ததா? கேட்டவருக்கு நிறுத்தும் அதிகாரம் இருந்ததா? இந்த மூன்றையும் கேளுங்கள். விசாரணை அறிக்கை அவற்றுக்கு விடை சொல்கிறதா என்று தேடுங்கள்.

உங்கள் வேலையிடத்திலும் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் இதே கேள்விகள் பொருந்தும். பத்து ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறோம், இதுவரை ஒன்றும் ஆகவில்லையே என்று யாராவது சொன்னால், கொஞ்சம் நின்று அந்தத் தீ முக்கோணத்தை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். இரண்டு பக்கம் ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம்.